பாலர் நாடக சபைகளும் அவற்றின் பயிற்சியும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்து முத்தமிழ் என வழங்கினர் நம் முன்னோர். இவற்றுள் இயலைக் கற்பிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் பல உள. இசையைக் கற்பிக்கக் குருகுலங்கள் இருந்தன. நாடகத்தைக் கற்பிக்கத் தமிழ்நாட்டில் எத்தகைய சாலை இருந்தது என வினவுவார்க்கு, பாலர் நாடக சபைகளையே விடையாகக் காட்டலாம். ‘பாய்ஸ் கம்பெனி’ என ஊரார் வாய்மொழியில் வழங்கிய இச்சபைகள், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊர்தோறும் சென்று கொட்டகையிட்டு நாடகம் நடத்தின. இவற்றைக் கேளிக்கைக் கூட்டங்கள் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இவை சிறுவர் தங்கிப் பயிலும் பள்ளிகளாகவும் இருந்தன. அப்பள்ளி எதனைக் கற்பித்தது, எதனைக் கற்பியாது விட்டது என்பதை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடக மேடை பெரியோர் நடித்த மேடையாக இருந்தது. நடிகர் பலர் நல்ல பாடகரே. ஆயினும் கட்டுப்பாடு அரிதாயிருந்தது. ஒத்திகை பாராமலே மேடையேறுவர். எழுதிய பாடத்தை விடுத்து ஒருவரையொருவர் வெல்லும் பொருட்டுத் தர்க்கம் புரிவர். மதுமயக்கத்தோடு வருவோரும் உண்டு. இந்நிலையைக் கண்டு வருந்தியவருள் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்த இவர், முதலில் நடிகராயிருந்து, பின்னர் நாடகாசிரியராகி, வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய பல நாடகங்களை இயற்றினார். வளர்ந்த மரத்தை வளைத்தல் அரிது, இளங்கன்றை நிமிர்த்தல் எளிது என உணர்ந்தார் போலும். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். 1918-ல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு ஆசிரியராக விளங்கினார். இவற்றையடுத்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை, மதுரை தேவி பால விநோத சங்கீத சபை எனப் பல சபைகள் எழுந்தன. பெயர்கள் பலவற்றில் மதுரையின் பெயர் முன்னிற்றல் காண்க. நாடகத்துக்கு அந்நகரம் அந்நாளில் பெற்றிருந்த மதிப்பு அத்தகையது.

இச்சபைகளிற் சேர்ந்த சிறுவர் ஆறு ஏழு வயது முதற் பத்துப் பன்னிரண்டு வயதினர். பெரும்பாலும் வறிய குடும்பத்துப் பிள்ளைகள். தந்தையை இழந்தவரும், உடன்பிறந்தார் பலருள் ஒருவரும், வீட்டில் ஒரு வாய் குறைந்தால் நலம் என அனுப்பப்பட்டவரும் அவருள் இருந்தனர். பெற்றோர் இத்தனை ஆண்டுக்கென ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பர். உணவும் உடையும் கம்பெனியுடையன. சிறு சம்பளம் பெற்றோரைச் சேரும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் சிறுவன் வீடு திரும்புதல் எளிதன்று. 1933-ல் இந்திய அரசாங்கத்தார், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உழைப்பைப் பெற்றோர் அடகு வைத்தலைத் தடுக்கும் சட்டம் ஒன்று இயற்றினர். பிள்ளைக்குத் தீங்கு விளையாது, நியாயமான கூலியன்றி வேறு பயன் பெறாது, ஒரு வார அறிவிப்பில் விலகிக் கொள்ளத்தக்க ஒப்பந்தமாயின் அது அச்சட்டத்துக்கு உட்படாது. அச்சட்டம் நாடக சபைகளுக்கென எழுந்ததன்று. எனினும் அது தரும் அளவுகோல் நமக்குப் பயன்படும். விரும்பினால் விலகலாம் என்னும் உரிமை உள்ளவிடத்துச் சிறுவன் மாணாக்கன். அவ்வுரிமை இல்லாவிடத்து அவன் அடகுப் பொருளே.

இனிப் பயிற்சி முறையை நோக்குவாம். சிறுவர் அனைவரும் கம்பெனி வீட்டில் ஒருங்கே உண்டு ஒருங்கே உறங்கினர். ஆசிரியரை ‘வாத்தியார்’ என்றே அழைப்பர். பாடம் பெரும்பாலும் செவிவழியே நடந்தது. வாத்தியார் வசனத்தையும் பாட்டையும் சொல்லச் சொல்லச் சிறுவர் திருப்பிச் சொல்லி மனனம் செய்வர். எழுத்தறியாச் சிறுவனும் ஒரு நாடகம் முழுவதையும் நெஞ்சிற் பதித்துக்கொள்வான். தன் பாடம் மட்டுமன்றிப் பிறர் பாடமும் கேட்டுக் கேட்டு வந்துவிடும். ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அவ்வேடம் புனைய இதுவே உதவியது. சாரீரத்துக்குச் சாதகம், சுருதிக்கு ஆர்மோனியமும் தாளத்துக்கு மிருதங்கமும், உடலுக்கு நடையும் நிலையும் வாட்போரும் பயிற்றப்பெற்றன. சொல்லைத் தெளிவாக உச்சரித்தலில் வாத்தியார்கள் மிகக் கண்டிப்பானவர்கள். லகர ளகர ழகரங்கள் பிறழுமாயின் பிரம்பு பேசும். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது; கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் சென்று எட்டவேண்டும். இந்தத் தேவையே அந்தக் கண்டிப்புக்குக் காரணம் எனலாம்.

வேடங்களுக்கும் தரமுண்டு. தலைமை ஆண் வேடம் ராஜபார்ட், பெண் வேடம் ஸ்திரீ பார்ட், நகைச்சுவைக்குப் பபூன். ஒவ்வொருவன் குரலையும் முகத்தையும் நோக்கி வாத்தியார் வேடம் வகுப்பார். பெண் வேடங்களையும் சிறுவரே தாங்கினமையால், நடை, பார்வை, கைவிரல் அசைவு முதலிய அனைத்தையும் தனியே பயிலவேண்டியிருந்தது. பிற்காலத்தில் சிவாஜி கணேசன் எனப் புகழ்பெற்ற கணேசன், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் சபையிற் சேர்ந்து முதலிற் புனைந்தது சீதை வேடமே. முகத்துக்கு அரிதாரமும் முத்துவெள்ளையும் பூசி, இரவு ஒன்பது பத்து மணிக்கு மேடையேறினால் நள்ளிரவு கடந்தே இறங்குவர். அரைத்தூக்கத்தில் அரிதாரம் கலைத்து உறங்கி, எழுந்து, மீண்டும் பாடம் கேட்பர்.

இப்பயிற்சியின் வலிமைக்குச் சான்று வேண்டுமாயின் டி. கே. சண்முகத்தைக் கூறலாம். 1912-ல் பிறந்த இவர் ஆறாம் வயதில் தம் தமையன்மாருடன் சங்கரதாஸ் சுவாமிகளிடம் மாணாக்கரானார். இச்சிறுவருக்கென்றே சுவாமிகள் அபிமன்யு நாடகத்தை ஓரிரவில் எழுதி முடித்தார் என்பர். 1925-ல் இச்சகோதரர் தாமே ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினர். முப்பது வயதளவில் சண்முகம் முதிய ஔவையாராக வேடந்தாங்கி, அப்பெயரோடு தம் பெயர் இணைந்து வழங்கும் புகழ் எய்தினார். ஆடவர் ஒருவர் மூதாட்டியாகக் கூனி நடந்து, காண்போர் ஐயுறா வண்ணம் நடித்தமைக்கு அடிப்படை சிறுவயதிற் கற்ற உடற்பாடமே. கணேசனும் நீண்ட வசனங்களைப் பிறர் படிக்கக் கேட்டே மனத்திற் கொள்ளும் ஆற்றலுடையவராயிருந்தார். இதுவும் செவிவழிக் கல்வியின் பயனாகும்.

நிற்க. இப்பள்ளியின் பெருங்குறை எங்கே வெளிப்பட்டது எனின், மாணாக்கன் குரல் உடையும் நாளில் வெளிப்பட்டது. பன்னிரண்டு முதற் பதினைந்து வயதளவில் ஆண்மக்களின் குரல்வளை பெருத்துக் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. இடைக்காலத்தில் நினைத்த சுருதியில் நில்லாது பிசிறும். இதனை நாடக உலகத்தார் ‘மகரக்கட்டு’ என்பர். நாலு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியிற் பாடி அரங்கத்தை ஈர்த்த சிறுவன், சில திங்களுக்குள் பாட இயலாதவனாகி விடுவான். இஃது இயற்கையின் செயல், அவன் குற்றமன்று. ஆயினும் சபையின் வரவு அவன் குரலைப் பற்றியே நின்றது. நேற்றுவரை ராஜபார்ட்டாக விளங்கியவன் இன்று சில்லறை வேடத்துக்கோ, திரை இழுக்கவோ, பின்பாட்டுக்கோ தள்ளப்படுவான். பலர் வெளியேறினர். புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா சிறுவயதில் மேடையிற் பெரும்பெயர் பெற்றவர். குரல் உடைந்தபின் சபையை விட்டு நீங்கிச் சிலம்பம், பளு தூக்கல் முதலிய பயிற்சிகளில் ஈடுபட்டார். பின்னர்க் குரல் திரும்பியது. 1940-ல் உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேடம் பூண்டு புகழ் பெற்றார். குரல் திரும்பாதவர் கதியாது?

அவர்களுட் சிலர், முன்னேற்பாடான ஒத்திகையின்றி நடிகர் தனித்தனியே ஒப்பந்தமாகி ஒருங்கு கூடி நடிக்கும் ‘ஸ்பெஷல் நாடக’ மேடையைச் சார்ந்தனர், சிலர் வாத்தியமேற்றனர், ஏனையோர் பெயர் எந்த நூலிலும் இல்லை. வேறு தொழில் தேடினோர்க்குக் கையில் எழுத்தறிவும் இல்லை, கணக்கறிவும் இல்லை. ஆயிரம் வரிகளை மனப்பாடமாகச் சொல்ல வல்ல ஒரு சிறுவன், ஊருக்கு ஒரு கடிதம் எழுதப் பிறரை நாட வேண்டியிருந்தால் அக்கல்வியை முழுமையானது எனக் கொள்ளலாமோ? கலை குறைந்தது என்பது நம் குற்றச்சாட்டன்று. கலை கைவிட்ட நாளுக்கு வேண்டிய வேறொன்றும் கொடுக்கப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு.

இதனைப் பெரிதும் உணர்ந்திருத்தற்குரியவர் எம். ஜி. இராமச்சந்திரன். 1917-ல் இலங்கையில் நாவலப்பிட்டியிற் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்பளவில் படிப்பை நிறுத்தித் தமையனாருடன் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் சேர்ந்தார். வயிற்றுக்கு உணவு கிடைக்கும் என்பதே அவர்களை அங்கே செலுத்தியது. ஏறக்குறைய அறுபதாண்டு கழித்து, முதலமைச்சராயிருந்த அவர் 1982-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபொழுது, தம் இளமைப் பசியை எடுத்துரைத்தார். பசிக்கு உணவு தேடிப் பள்ளியை விட்ட சிறுவன், பள்ளியிலேயே உணவு கிடைக்கச் செய்தான் என இதனைக் கொள்ளலாம்.

அக்காலத்தில் வேறு வழி இல்லை என்பாரும் உளர். அவர் பொருட்டு அயல்நாட்டு எடுத்துக்காட்டொன்று கூறுவாம். சீனத்துப் பீக்கிங் நகரில் 1904 முதல் 1948 வரை ஃபூ லியென் செங் என்னும் இசைநாடகப் பள்ளி நடந்தது. அங்கும் சிறுவர் மட்டுமே, அங்கும் ஏழாண்டு ஒப்பந்தம், உணவும் உடையும் பள்ளியின் பொறுப்பு, சிறுவர் நடித்து ஈட்டிய வருவாய் பள்ளிக்கே உரித்து, அடியும் கடுமையே. நம் சபைகளுக்கு அது உடன்பிறப்பென்னலாம். ஆனால் அதே நகரில், 1930-ல், ஜியாவ் ஜூயின் என்னும் அறிஞரைத் தலைவராகக் கொண்டு மற்றொரு நாடகப் பள்ளி எழுந்தது. ஆண்பாலாரும் பெண்பாலாரும் அதில் ஒருங்கு பயின்றனர். பாட்டும் நடிப்பும் குறையாது கற்பிக்கப்பட்டதோடு இலக்கியம், வரலாறு, அயல்மொழி ஆகியனவும் பாடங்களாக இருந்தன. ஆகவே கலைக்கும் ஏட்டுக்கல்விக்கும் இயல்பான பகை இல்லை என்பதும், வழி வகுப்பார் இருந்தால் வழி உண்டு என்பதும் அந்நாளிலேயே மெய்ப்பிக்கப்பட்டன.

நம் நாட்டில் 1931-ல் பேசும் படம் வந்தது. சபைகளிற் பயின்றோர் திரைக்குச் சென்றனர். மக்களும் உடன் சென்றனர். 1935-ல் டி. கே. எஸ். சகோதரரே மேனகா படத்தில் நடித்தனர். பின்னர் அவர்தம் சபையும் கலைந்தது. எஞ்சிய சபைகளும் காலப்போக்கில் மறைந்தன. பயிற்சியின் பயனைத் திரை பெற்றுக்கொண்டது. பயிற்சிச் சாலையோ அழிந்தது.

மாணவ நண்பர்களே! பழங்கதை நமக்கெதற்கு என்னாதீர். இன்றும் தொலைக்காட்சிப் போட்டிகளில் எட்டு வயதுக் குழந்தை பாடக் கேட்டுக் கைதட்டுகின்றோம். ஆறு முதற் பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வி பெறும் உரிமை 2010 முதல் சட்டமாக நடைமுறையில் உள்ளது. சட்டம் பள்ளி வாயிலைத் திறந்து வைக்கும். குழந்தையின் குரல் மாறும் நாளில் அதன் அருகில் நிற்கும் கடமை பெற்றோருக்கும் ஆசிரியருக்குமே உரியது. நம் கல்லூரி நாடக மன்றத்தாரும் பாலர் சபைகளிடமிருந்து கொள்ளத்தக்கன சில உள. பாடம் முழுவதும் நெஞ்சிற் பதியுமுன் மேடையேறாமை, ஒவ்வோர் எழுத்தையும் கடைசி வரிசைக்குக் கேட்க உச்சரித்தல், பிறர் வேடத்தையும் அறிந்திருத்தல், திரை இழுப்பதையும் இழிவெனக் கருதாமை ஆகியனவே அவை. தள்ளத்தக்கதும் ஒன்றுண்டு. ஒரு மாணவனை அவனிடமுள்ள ஒரு திறமைக்காக மட்டும் வைத்துப் போற்றி, அத்திறமை தளர்ந்தவுடன் மறந்துவிடுதலே அது. முதல் வேடம் ஏற்றவனை அனைவரும் நினைவு கூர்வர். மகரக்கட்டில் நின்றுபோனவனையும் பெயர் சொல்லி அழைத்து அடுத்த வேலைக்கு அவனை ஆயத்தம் செய்யும் சாலையே நல்ல பள்ளி என்னும் பெயருக்கு உரியதாகும்.