அருகருகே நிற்கும் பகா எண்கள்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1ஐவிடப் பெரிய முழு எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 ஆகியன பகா எண்கள். இவற்றுக்கு முடிவே இல்லை என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவினார்.

எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அருகிவருகின்றன. 113க்கும் 127க்கும் இடையில் ஒரு பகா எண்கூட இல்லை. ஆயினும், சில பகா எண்கள் நெருங்கியே நிற்கின்றன. 11, 13, 17, 19, 29, 31 என இரண்டே வேறுபாடு கொண்ட இணைகள் இரட்டைப் பகா எண்கள் எனப்படும்.

இவ்வாறு இரண்டிரண்டாக உயரும் மூன்று பகா எண்கள் தொடர்ந்து வருமா? 3, 5, 7 என ஒரே ஒரு முறைதான் வரும். அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களுள் ஒன்று கட்டாயம் 3ஆல் வகுபடும். 3ஐத் தவிர, அதன் மடங்கு எதுவும் பகா எண் ஆகாது. ஆகவே, பெரிய கூட்டங்களின் நடுவே ஓர் இடம் வெற்றாக இருக்கும். 101, 103, 107, 109 என்னும் கூட்டத்தில் 105 விடுபட்டிருப்பதைக் காணலாம்.

இரட்டைப் பகா எண்கள் முடிவின்றித் தோன்றுமா? சிறுவரும் கேட்கக்கூடிய இவ்வினாவிற்கு இன்றுவரை விடை கிட்டவில்லை.

சீனாவில் பிறந்த யிதாங் சாங், அமெரிக்கா சென்று கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பல ஆண்டுகள் தகுந்த பணி கிடைக்காமையால் உணவகத்திலும் வேலை செய்தார். ஆனால், கணிதத்தை அவர் கைவிடவில்லை. 2013ஆம் ஆண்டு, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், 7 கோடிக்கும் குறைவான இடைவெளியுடைய பகா எண் இணைகள் முடிவின்றி உள்ளன என்று நிறுவினார். 7 கோடி பெரிய எண்ணே. எனினும், அதற்கு முன் எவரும் எந்த எல்லையையும் நிறுவியதில்லை. பின்னர் ஜேம்ஸ் மேனார்டு முதலிய அறிஞர்களின் முயற்சியால் 2014இல் அவ்வெல்லை 246 ஆகக் குறைந்தது. 246இலிருந்து 2ஐ அடையும் வழியை இனி வருவோர் காண வேண்டும்.

சொற்பொருள்
அருகுதல் – குறைதல்
நிறுவுதல் – சான்றுடன் மெய்ப்பித்தல்
இணை – சோடி

பயிற்சி
1. 40க்கும் 80க்கும் இடைப்பட்ட இரட்டைப் பகா எண்களை எழுதுக.
2. 191, 193, 197, 199 என்னும் கூட்டத்தில் 195 இடம்பெறாதது ஏன்?
3. 'அருகில்', 'அருகி' ஆகியவற்றின் பொருள் வேறுபாடு விளங்கத் தொடர் அமைக்க.
4. சாங்கின் விடாமுயற்சி பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.