அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன்

பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும். லயத்தில் அம்மா மட்டும். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் முதியோர் இல்லம் தேடுபவர்கள் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதைக் கேட்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம்.

முன்கூட்டிச் சொல்லாமல், பொழுது சாயும் நேரத்தில் போங்கள். காலையில் எல்லா இல்லமும் கூட்டித் துடைத்துத்தான் இருக்கும். படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீர் இருக்கிறதா? எழும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் குதிகாலிலும் இடுப்புக்குக் கீழேயும் புண் வந்துவிடும். யாரை எப்போது புரட்டினார்கள் என்று எழுதுகிற கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், நான் வேறு இடம் பார்ப்பேன்.

தை, மாசி விடியலில் உறைபனி விழுகிற ஊர் நுவரெலியா. குளிக்கச் சுடுதண்ணீர் உண்டா, ஆளுக்கு எத்தனை கம்பளி என்று கேளுங்கள்.

இரவு வேலையில் தமிழ் பேசுகிற ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும். நெஞ்சுவலியைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாத அம்மா, விடியும்வரை வாயைத் திறக்காமல் கிடப்பார்.

கிளினிக் கொப்பி யாரிடம் இருக்கும், டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு யார் கூட்டிப் போவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வாசல்வரை வரப் பாதை இருக்கிறதா என்று நடந்தே பார்த்துவிடுங்கள்.