ஓட்டுநர் உரிமமும் ஷரீஅத்தும்

மோட்டார் வாகனத்தைப் பற்றி நம் மார்க்க நூல்களில் என்ன இருக்கப் போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். மோட்டார் இல்லைதான். ஆனால் ஒட்டகமும் குதிரையும் இருந்தன. அவற்றில் ஏறிச் சென்றவர்கள் பிறரை இடித்ததும் மிதித்ததும் உண்டு. அதற்கான சட்டங்களை இமாம்கள் விரிவாகவே வகுத்திருக்கிறார்கள். ஹனபி மத்ஹபின் பிரபல நூலாகிய ஹிதாயாவில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பொதுப் பாதையில் செல்வது எல்லோருக்கும் ஆகுமானது; ஆனால் பிறருக்குத் தீங்கு நேராமல் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஆகுமானது என்பது அங்கே சொல்லப்படும் அடிப்படையாகும். வாகனத்தின் மீதிருப்பவன், அது மிதித்ததற்கும் இடித்ததற்கும் பொறுப்பாளி ஆகிறான்.

பர்கூர்வாசிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை நம் வாசலோடு போகிறது. கிரானைட் கல் ஏற்றிய லாரி, ஓசூர் கம்பெனிகளுக்குச் சரக்குக் கொண்டு போகும் டிரெய்லர், ஜவுளி வாங்க வெளியூரிலிருந்து வரும் வேன், இவற்றுக்கு நடுவே டியூஷனுக்குப் போகும் நம் வீட்டுப் பையனின் ஸ்கூட்டர்! 2022ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கே: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

லைசென்ஸ் என்பது அரசாங்கம் கேட்கும் ஒரு காகிதம், அதற்கும் தீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டலாம். மருத்துவம் கற்றறியாதவன் மருத்துவம் பார்த்து, அதனால் கேடு விளைந்தால் அவனே பொறுப்பாளி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது அபூதாவூதிலும் நஸயீயிலும் பதிவாகியுள்ளது. பிறர் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வேலையைத் தகுதியின்றிச் செய்வதே குற்றம் என்பது இதிலிருந்து விளங்குகிறது. ஸ்டீயரிங் பிடிப்பதும் அப்படிப்பட்ட வேலைதானே! 1993 ஜூனில் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்துச் சட்டங்களைப் பேணுவது மார்க்க ரீதியிலும் கடமை என்று தீர்மானம் செய்திருக்கிறது.

இனி, அந்த உரிமம் எப்படிப் பெறப்படுகிறது என்பதைப் பார்ப்போம். 2004, 2005ஆம் ஆண்டுகளில் டில்லியில் பொருளாதார ஆராய்ச்சியாளர் சிலர், லைசென்ஸ் எடுக்க வந்த 822 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. உரிமம் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர் ஓட்டிக் காட்டும் சோதனைக்கே போகவில்லை! உரிமம் கையில் வந்தபின் ஆய்வாளர்கள் தாங்களே ஒரு சோதனை வைத்தபோது, நூற்றுக்கு 62 பேர் தேறவில்லை. பணம் பெரும்பாலும் அதிகாரியின் கையில் நேராகக் கொடுக்கப்படவில்லை. புரோக்கர் மூலமே காரியம் நடந்தது. அரசு வாங்கும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சராசரியாகச் செலவாகியிருந்தது.

“ஹக்கைப் பெறுவதற்கு வேறு வழியில்லாதபோது கொடுத்தால் கொடுத்தவன் மீது குற்றமில்லை என்று உலமாக்கள் சொல்லியிருக்கிறார்களே?” என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சலுகை உண்மைதான். ஆனால் அது தனக்குரிய உரிமையை மீட்பவனுக்கு. எட்டுப் போடத் தெரியாதவனுக்கு லைசென்ஸ் ஹக்கே அல்ல. இல்லாத உரிமைக்குக் கொடுப்பது தெளிவான லஞ்சம். லஞ்சம் கொடுப்பவனும் வாங்குபவனும் சபிக்கப்பட்டவர்கள் என்பது பிரசித்தமான ஹதீஸ். இடையில் நின்று முடித்துக் கொடுப்பவனையும் சேர்த்துச் சொல்லும் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. புரோக்கர் தொழிலில் இருக்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், உயிர்ச்சேத விபத்துக்கான அபாயம் நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஹஜ்ஜின்போது அரபாத்திலிருந்து திரும்புகையில், பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டு, நாயகம் (ஸல்) அவர்கள் தம் சாட்டையால் சைகை செய்து அமைதியாகச் செல்லப் பணித்தார்கள். விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்றும் அறிவுறுத்தினார்கள். இது புகாரியில் உள்ளது. இபாதத்தின் வழியிலேயே இப்படியென்றால் இப்தாருக்கும் ஜும்ஆவுக்கும் பறப்பவர்களுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

பெற்றோர்களே! 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமத்துக்கு வயது 18. கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16. ஓசூரில் தயாராகி 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 அந்த வகை; அதன் வாரிசாக இன்று ஓடுவது ஏறத்தாழ 100 சி.சி. “சின்ன வண்டிதானே” என்று சாவி கொடுப்பது செல்லாது. 2019 திருத்தத்தின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இதில் பலர் அறியாத ஒரு மஸ்அலா உண்டு. அரசாங்கத்தின் கண்ணில் 16 வயதுப் பையன் சிறுவன். ஷரீஅத்திலோ அவன் பருவமடைந்தவன். தொழுகையும் நோன்பும் அவன் மீது பர்ளு. ஆகவே அவன் தவறால் அவன் ஓட்டிய வண்டி மோதி ஒருவர் இறந்தால், தவறுதலான கொலைக்குரிய கஃப்பாரா அவன் மீதே விழுகிறது. அத்தா அவனுக்காக நோற்க முடியாது. சூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம் இதைக் கூறுகிறது. அடிமையை விடுதலை செய்வது இன்று இயலாததால், இரண்டு மாதங்கள் தொடர் நோன்பே எஞ்சியிருக்கிறது. ஏழைகளுக்கு உணவளிப்பது அவ்வசனத்தில் மாற்றாகச் சொல்லப்படவில்லை. கோர்ட்டில் அபராதம் கட்டுவதாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுப்பதாலும் கஃப்பாரா நீங்காது. அது அல்லாஹ்வுக்குரிய ஹக்கு. ஓட்டியவர் மீது தவறே இல்லாமல், இறந்தவரின் தவறால் மட்டும் நேர்ந்திருந்தால் சட்டம் வேறு. விவரங்களைச் சொல்லி ஆலிமிடம் பத்வா பெற வேண்டும்.

நோன்பு ஒருநாள் தக்க காரணமின்றி விடுபட்டாலும் மீண்டும் முதலிலிருந்து நோற்க வேண்டும். இடையில் ரமலானோ, இரு பெருநாட்களோ, அய்யாமுத் தஷ்ரீக்கோ வராதபடி பார்த்துத் தொடங்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களுக்கும் இதே சட்டம்தான். அவர்களுக்கு மாதவிலக்கு நாட்கள் குறுக்கிடுவதால் தொடர்ச்சி முறியாது. சுத்தமான மறுநாளே நோன்பைத் தொடர்ந்துவிட வேண்டும்.