சென்னை கத்திப்பாராவில் ஓட்டியவர் ஹனோயில் ஓட்டலாமா?

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023-இல் நேரடி விமானம் வந்த பிறகு வியட்நாம் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. போகிற இளைஞர்களில் பலருக்கு இறங்கியதும் முதல் ஆசை, ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பதுதான். அந்த ஆசையில் தப்பே இல்லை. மலையும் கடலும் வயலும் மாறி மாறி வரும் அந்த நாட்டை இரண்டு சக்கரத்தில் பார்ப்பது போல வராது. ஆனால் கிளம்பும்முன் நண்பர்களும் உறவினர்களும் அள்ளித்தரும் ஆலோசனையில் பாதி தவறானது. சுமார் 10 கோடிப் பேர் வாழும் நாட்டில் 7 கோடிக்கும் மேல் இருசக்கர வண்டிகள் பதிவாகியிருக்கின்றன. 2024-இல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 10,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். தவறான ஆலோசனையோடு சாவியைத் திருப்ப வேண்டிய இடம் அது இல்லை.

“நம்மூரில் ஓட்டியவர் உலகத்தில் எங்கேயும் ஓட்டலாம்”

இதில் பாதி உண்மை இருக்கிறது. லண்டனிலிருந்து வருகிறவர் ஹனோய் பழைய நகரத் தெருக்களைப் பார்த்து மிரள்வது போல நாம் மிரளமாட்டோம். ஹாரன் என்றால் திட்டு இல்லை, ‘நான் வருகிறேன்’ என்கிற தகவல் என்பது நமக்குத் தெரியும். எதிரே வரும் பஸ் ஹெட்லைட்டை அடித்தால் ‘நீ போ’ என்று பெருந்தன்மையாகச் சொல்லவில்லை, ‘நான் நிறுத்தப்போவதில்லை’ என்கிறது என்பதும் தெரியும். பிரிட்டனில் ஓட்டிப் பழகியவருக்கு இது நேர் தலைகீழ்.

நமக்கு ஆபத்து இந்தப் பழக்கத்துக்குள்ளேதான் இருக்கிறது. எல்லாம் நம்மூர் போலவே இருப்பதால் மனம் நம்மூரிலேயே இருந்துவிடுகிறது. வியட்நாமில் வண்டி ஓட்டுவது சாலையின் வலப்பக்கம்.

நெரிசலில் இதை மறக்க முடியாது. முன்னே நூறு வண்டி, பின்னே நூறு வண்டி, கூட்டமே உங்களைச் சரியான பக்கத்தில் இழுத்துப் போகும். மறதி வருவது கூட்டம் இல்லாத இடத்தில். விடியற்காலையில் விடுதி வாசலிலிருந்து கிளம்புகிறீர்கள், தெருவில் ஆளில்லை. கை தானாக இடப்பக்கம் போகும். பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போதும், படம் எடுக்க ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்ப ஏறும்போதும், மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவை முடித்து நிமிரும்போதும் இதேதான். எதிரே திடீரென்று ஒருவர் வந்தால் அவசரத்தில் எந்தப் பக்கம் ஒதுங்குவீர்கள்? ஆண்டுக்கணக்காகப் பழகிய உடம்பு இடப்பக்கம்தான் ஒதுங்கும். அவரோ அவருடைய வலப்பக்கம் ஒதுங்குவார். இரண்டும் ஒரே பக்கம்.

திரும்புவதும் மாறிவிடும். நம்மூரில் வலப்பக்கம் திரும்புவது கடினம், அங்கே இடப்பக்கம் திரும்புவது கடினம். ரவுண்டானாவைச் சுற்றுவதும் எதிர்த்திசையில். சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இதையெல்லாம் படித்ததும் புரிந்துவிடும், கைக்குப் பழக இரண்டு மூன்று நாளாகும். அந்த நாட்களைப் போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், ஊருக்குள்ளேயே, மெதுவாகக் கழிப்பவர்தான் பிறகு மலைக்குப் போகத் தகுந்தவர்.

“அங்கே விதியே கிடையாது, யார் எப்படி வேண்டுமானாலும் போகலாம்”

நாற்சந்தி ஒன்றில் ஓரமாக நின்று ஒரு சிக்னல் நேரம் மட்டும் பாருங்கள். பின்சீட்டின் இரண்டு பக்கமும் கீரைக்கட்டுகளைத் தொங்கவிட்ட ஒரு பெண்மணி இடப்பக்கத் தெருவுக்குத் திரும்ப வேண்டும். வளைவு வர முப்பது நாற்பது அடி இருக்கும்போதே இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து நடுக்கோட்டுக்கு வருகிறார். எதிரே வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள். சிலர் அவருக்கு முன்னாலும் சிலர் பின்னாலும் போகிறார்கள். யாரும் பிரேக்கை அழுத்தி நிற்கவில்லை. அவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்வார், தன் முன்னால் இருப்பதற்கே தான் பொறுப்பு என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. சந்திலிருந்து முதன்மைச் சாலைக்கு வருகிறவர் நிற்காமல் கூட்டத்தில் கலப்பதும் இதனால்தான்.

இந்த ஏற்பாடு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே வேலை செய்யும். அடுத்து எங்கே போவீர்கள் என்று பிறர் ஊகிக்க முடிய வேண்டும். சட்டென்று பிரேக் போடுகிறவரும் சட்டென்று வெட்டுகிறவரும்தான் அங்கே விபத்தை உண்டாக்குகிறார்கள். சென்னையில் கிடைத்த இடைவெளியில் பாய்ந்து நுழைந்து பழகியவர் இதைக் கவனிக்க வேண்டும். நடந்து கடக்கும்போதும் இப்படித்தான்: ஒரே சீராக நடங்கள், நடுவில் நிற்காதீர்கள், பின்வாங்கவே கூடாது. ஸ்கூட்டர்கள் உங்களைச் சுற்றிப் போகும். பஸ்ஸும் லாரியும் அப்படிப் போகாது, அவை கடந்த பிறகே கால் வைக்க வேண்டும்.

எழுதப்பட்ட விதியும் உண்டு, அது இப்போது மிகக் கடுமை. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசாணை 168, அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியது. சிவப்பு விளக்கைத் தாண்டும் இருசக்கர வண்டிக்கு முன்பு 8 முதல் 10 லட்சம் டோங் அபராதம். இப்போது 40 முதல் 60 லட்சம் டோங், நம் கணக்கில் ஏறத்தாழ 13,000 முதல் 20,000 ரூபாய். நடைபாதையில் ஏற்றி ஓட்டினாலும் அதே தொகை. காருக்கு 1.8 கோடி முதல் 2 கோடி டோங் வரை. உரிமத்துக்கு 12 புள்ளிகள் கொடுத்துத் தவறுக்குத் தவறு கழிக்கும் முறையும் அன்றே தொடங்கியது. சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக்கூடாது. அதற்கென்று பச்சை அம்போ பலகையோ இருந்தால் மட்டும் திரும்பலாம். நம்மூரில் ‘ஃப்ரீ லெஃப்ட்’ பழகியவர்கள் வசமாக மாட்டும் இடம் இது.

இன்னொரு பலகையையும் நினைவில் வையுங்கள். நீலப் பின்னணியில் வெள்ளையாகக் கட்டடங்களின் நிழலுரு. எழுத்தோ எண்ணோ இருக்காது. ‘குடியிருப்புப் பகுதி தொடங்குகிறது’ என்று அர்த்தம். அங்கிருந்து நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 50 கிலோமீட்டர்தான் வேக எல்லை. அதே படத்தின் மேல் சிவப்புக்கோடு கிழித்த பலகை வரும்வரை அந்த எல்லை தொடரும். நெடுஞ்சாலையில் எண்ணைத் தேடிக்கொண்டே போகிறவர் இந்தப் பலகையைப் பார்க்காமல் தாண்டிவிடுவார்.

“இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துவிட்டேன், கவலையில்லை”

மிக அதிகமானோர் நம்புவதும் மிக அதிகமாகக் கெடுதல் செய்வதும் இதுதான். ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும், ஓராண்டு செல்லும் அந்தச் சிறு புத்தகம் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது. வியட்நாம் 2014-இல் சேர்ந்தது 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில். அந்த உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட அனுமதியைத்தான் அது ஏற்கும். இரண்டும் ஒரே மாதிரி சாம்பல் அட்டைப் புத்தகங்கள், பெயரும் ஒன்றே; சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. ஆகவே இந்தியாவில் எடுத்தது அங்கே செல்லாது. இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் எடுத்ததும் அப்படியே. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே நாடுகளில் வாழும் தமிழர்கள் அங்கே முறையாக எடுத்த 1968 அனுமதி செல்லும், அதிலும் மோட்டார் சைக்கிள் வகுப்பு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கார் ஓட்ட மட்டும் உரிமம் வைத்திருப்பவருக்கு ஸ்கூட்டர் ஓட்டும் உரிமை வந்துவிடாது.

பக்கத்திலிருக்கும் தாய்லாந்து இரண்டு உடன்படிக்கைகளிலும் இருப்பதால் அங்கே நம் அனுமதி செல்லும். ‘தாய்லாந்தில் ஓட்டினேனே, யாரும் ஒன்றும் சொல்லவில்லையே’ என்ற அனுபவம் வியட்நாமுக்கு உதவாததற்குக் காரணம் இதுதான்.

50 சிசிக்குக் குறைந்த சிறு வண்டிகளுக்கு வியட்நாமில் உரிமம் வேண்டாம். அந்த வண்டியே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கடைக்காரர் தருவது பெரும்பாலும் 110 அல்லது 125 சிசி.

“லைசென்ஸ் கேட்காமல் வாடகைக்குத் தருகிறார்கள் என்றால் ஓட்டலாம் என்றுதானே அர்த்தம்?”

இல்லை. கடைக்காரர் கேட்பது பணமும் பாஸ்போர்ட்டும். தண்டனை வரும்போது உரிமமில்லாமல் ஓட்டியவர் நீங்கள். 125 சிசி வரையிலான வண்டிக்கு 20 முதல் 40 லட்சம் டோங் அபராதம், அதற்கு மேற்பட்ட வண்டி என்றால் 60 முதல் 80 லட்சம். வண்டியையும் பிடித்து வைக்கலாம். வெளிநாட்டவரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்ற பேச்சும் பழங்கதை. வடக்கே ஹா ஜியாங் மலைச்சுற்றுப் பாதையில் வெளிநாட்டவரை நிறுத்தி உரிமம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அபராதத்தைக் கட்டிவிடலாம். எனக்குப் பெரிய கவலை பயணக் காப்பீடு. நீங்கள் ஓட்டும் நாட்டில் செல்லத்தக்க உரிமம் இருந்தால் மட்டுமே விபத்துச் செலவைத் தருவோம் என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. ஹெல்மெட், என்ஜின் அளவு பற்றியும் வரிகள் இருக்கும். காலெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்து, படுத்தபடி ஊர் திரும்ப வேண்டியிருந்தால் ஆகிற செலவை ஒரு நடுத்தரக் குடும்பம் கடன் வாங்கித்தான் அடைக்கும். பாலிசி எடுக்கும்போது இந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படிக்க ஐந்து நிமிடம் போதும். தயவுசெய்து படியுங்கள்.

பாஸ்போர்ட்டை அடகு போல விட்டுவிட்டு வராதீர்கள். முன்பணம் கொடுக்கலாம், நகல் கொடுக்கலாம். வண்டியில் சின்னக் கீறல் விழுந்தாலும் பேரம் பேசும் பலம் பாஸ்போர்ட்டை வைத்திருப்பவரிடம் போய்விடும்.

“ஒரு பீர் ஒன்றும் செய்யாது”

இந்தியச் சட்டம் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்கிறது. வியட்நாமில் 2020 ஜனவரியிலிருந்து எல்லை பூஜ்யம். இருசக்கர வண்டிக்குக் குறைந்தபட்ச அபராதமே 20 லட்சம் டோங், அளவு கூடினால் 1 கோடி வரை போகும். நடைபாதையில் சின்ன முக்காலி போட்டுக் கண்ணாடித் தம்ளரில் பீர் விற்கும் கடைகள் ஹனோயின் அழகுகளில் ஒன்று. அங்கே போகும்போது வண்டியை விடுதியில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

“நகரத்தைத் தாண்டிவிட்டால் பயமில்லை”

நகரம் கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும், ஆனால் அங்கே வேகம் குறைவு. இடித்தாலும் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். உண்மையான ஆபத்து நகரம் முடிந்த இடத்தில் தொடங்குகிறது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் 1-ஆம் எண் நெடுஞ்சாலையில் நடுத்தடுப்பு இல்லாத பகுதிகளில் தொலைதூரப் பேருந்துகள் லாரியை ஓவர்டேக் செய்துகொண்டு உங்கள் பாதையில் நேராக வரும். நீங்கள் ஓரத்துக்குப் போய்விடுவீர்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஓரத்தில் அறுவடைக் காலமென்றால் நெல் காய்ந்துகொண்டிருக்கும்; அதன் மேல் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். அதிவேக விரைவுச் சாலைகளில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. செல்போன் வரைபடத்தைக் கார் வழியில் வைத்திருந்தால் அது உங்களை நேராக அங்கேதான் கொண்டு விடும்.

ஹுவேக்கும் டா நாங்குக்கும் நடுவே உள்ள ஹாய் வான் கணவாய் பற்றி எல்லோரும் ஆசையாகப் பேசுவார்கள், பேசவும் தகும். சுமார் 500 மீட்டர் உயரம், 21 கிலோமீட்டர், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். 2005-இல் அடியில் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை திறந்த பிறகு பஸ்ஸும் லாரியும் கீழே போய்விட்டன. அதனால் மேலே யாருமில்லை என்று நினைத்து வளைவுகளில் நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள். எரிபொருள் டேங்கர்களைச் சுரங்கத்துக்குள் விடுவதில்லை. அவை இன்றும் கணவாய் வழியாகத்தான் ஏறி இறங்குகின்றன. இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியர் உள்ள வண்டியென்றால் கியரைக் குறைத்து என்ஜினே வேகத்தைப் பிடிக்கும்படி விடுங்கள். கியரில்லாத ஸ்கூட்டரை மலைக்கு எடுக்காமலிருப்பது நல்லது.

“அப்படியானால் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான்”

அவசியமில்லை. ஹா ஜியாங்கிலும் ஹாய் வானிலும் உள்ளூர் ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்து போகலாம். ‘ஈஸி ரைடர்’ என்று கேட்டால் எந்த விடுதியிலும் ஏற்பாடு செய்வார்கள். ஹா ஜியாங்கின் மா பி லெங் கணவாய் விளிம்பில் கண்ணை ரோட்டில் வைக்காமல் பள்ளத்தாக்கில் வைத்துப் பார்ப்பது பின்சீட்டில் இருப்பவருக்கே கிடைக்கும். குடும்பமாகப் போனால் ஓட்டுநரோடு கார் கிடைக்கும். நகரத்துக்குள் செல்போன் செயலியில் அழைக்கும் கிராப் பைக் டாக்சி மலிவு.

பின்னால் உட்காருகிறவருக்கும் 2007 டிசம்பரிலிருந்து ஹெல்மெட் கட்டாயம். வழக்கமாக நீட்டுவது பாதி மண்டையை மட்டும் மூடும், மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. கையில் எடுத்து உட்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியான தெர்மாகோல் அடுக்கு இல்லாவிட்டால் வேறு கேளுங்கள், முகவாய்ப்பட்டை இறுகுகிறதா என்று பாருங்கள். மலைப் பயணத்துக்கு முகம் மூடும் ஹெல்மெட் தராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.