முதல் பரிசு கொடுத்தது யார்?
விருதுகளையும் தரவரிசைகளையும் வணிகர் எடைபோடும் முறை



சில மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் குடும்பச் சுற்றுலா பற்றிப் பேச்சு வந்தது. ஆம்பூர், வேலூர் பக்கத்து வணிகர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பெங்களூர், கிழக்கே போனால் சென்னை. பெங்களூர் அருகே பிடதியில் 2005-லிருந்து வொண்டர்லா பூங்கா இருக்கிறது. அதே நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னை அருகே இள்ளலூரிலும் ஒரு பூங்கா திறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. இருக்கிறது. எங்கே போவது?

பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்: நல்ல ரோலர் கோஸ்டர் இருக்க வேண்டும். உடனே ஆளுக்கு ஒரு செல்போனை எடுத்து "நம்பர் ஒன் பூங்கா" எது என்று பார்த்தார்கள். மூன்று பேர் மூன்று பட்டியல் காட்டினார்கள். மூன்றிலும் முதல் இடம் வேறு வேறு. வாக்குவாதம் முற்றி, கடைசியில் ஏலகிரிக்குப் போவதென்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்த மூன்று பட்டியலும் மனதை விட்டுப் போகவில்லை. காரணம், நம் கடைக்கு வரும் சரக்கிலும் "முதல் பரிசு", "தங்கப் பதக்கம்", "நம்பர் ஒன்" என்ற எழுத்து நிறைய இருக்கிறது. நம் கல்லாவுக்குப் பின்னாலும் ஷீல்டுகள் தொங்குகின்றன. இவற்றை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? ரோலர் கோஸ்டர் கதையிலேயே அதற்கு நல்ல பாடம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூங்காக்களுக்குக் கிடைக்கும் பொன் சீட்டு

அமெரிக்காவில் 'அமியூஸ்மெண்ட் டுடே' என்று பொழுதுபோக்குப் பூங்காத் தொழிலுக்கென ஒரு பத்திரிகை உண்டு. நம் சங்க இதழ் நமக்கு எப்படியோ, அது அந்தத் தொழிலுக்கு அப்படி. 1998-ல் அது 'கோல்டன் டிக்கெட்' என்று விருது கொடுக்கத் தொடங்கியது. பல பூங்காக்களுக்குப் போய்ப் பழகியவர்களிடம் வாக்குக் கேட்டு, சிறந்த பூங்கா, சிறந்த ரோலர் கோஸ்டர் என்று பட்டியல் போடுவார்கள்.

முதல் ஆண்டிலிருந்து 2013 வரை, தொடர்ந்து 16 ஆண்டுகள், சிறந்த பூங்கா விருது ஒரே இடத்துக்குப் போயிற்று. அது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள சீடர் பாயிண்ட். 2014-ல் ஜெர்மனியின் யூரோப்பா பார்க் அந்த இடத்தைப் பிடித்தது. சீடர் பாயிண்ட் நல்ல பூங்கா என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். வாக்களிப்பவர்களில் பெரும்பகுதியினர் ஒரு நாட்டுக்காரர்களாக இருந்தால், அவர்கள் அதிகம் போய் வந்த பூங்காவுக்குத்தான் அதிக வாக்கு விழும். ஜப்பானிலோ சீனாவிலோ அதைவிட நல்ல ரோலர் கோஸ்டர் இருந்தாலும், ஏறிப் பார்த்தவர் சிலர் என்றால் வாக்கும் சிலதுதான்.

நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், குடியாத்தம் பஜாரில் நின்று "எந்த ஊர் பிரியாணி சிறந்தது?" என்று கேட்டால் ஆம்பூர்தான் ஜெயிக்கும். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நின்று அதையே கேட்டுப் பாருங்கள்!

இந்தக் குறையை உணர்ந்த மிட்ச் ஹாக்கர் என்ற அமெரிக்கர் 1990-களில் வேறொரு வாக்கெடுப்பு நடத்தினார். அவர் கண்ட வழி எளிமையானது. இரண்டு ரோலர் கோஸ்டர்களை ஒப்பிட வேண்டுமென்றால், இரண்டிலும் ஏறியவர்களின் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. ஒன்றில் மட்டும் ஏறியவர் சொல்வதை அந்த ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை. இதனால் ஆள் கூட்டம் அதிகம் போகும் இடம் என்பதற்காக மட்டும் ஒன்று முன்னுக்கு வர முடியாது.

இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. இரண்டு மில் பொன்னி அரிசியில் எது தேவலை என்று அறிய, இரண்டையும் வடித்துப் பார்த்த வீட்டம்மாவிடம்தானே கேட்கிறோம்? ஒன்றை மட்டும் தின்றவர் "இதுதான் உலகத்திலேயே சிறந்தது" என்றால் சிரித்துக்கொண்டே கேட்டு விட்டுவிடுகிறோம். அந்த விவேகம் ஷீல்டைப் பார்த்ததும் மட்டும் ஏன் நம்மை விட்டுப் போகிறது?

முதலிடத்தில் விழுந்த விரிசல்

அமெரிக்காவில் கரோவிண்ட்ஸ் என்ற பூங்காவில் 'ஃபியூரி 325' என்றொரு ரோலர் கோஸ்டர் 2015-ல் திறந்தது. 325 அடி உயரம். இரும்புத் தண்டவாள ரோலர் கோஸ்டர்களில் சிறந்தது என்ற கோல்டன் டிக்கெட் விருதை 2016 முதல் பல ஆண்டுகள் வாங்கியது.

2023 ஜூன் 30-ஆம் தேதி, பூங்காவுக்கு வந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். அதைத் தாங்கும் தூண் ஒன்றில் பெரிய விரிசல். வண்டி ஓடும்போது தூண் பிளந்து ஆடுவதைப் படம் பிடித்து நிர்வாகத்திடம் காட்டினார். உடனே ஓட்டத்தை நிறுத்தி, தூணை மாற்றி, சோதனைகள் செய்த பிறகு ஆகஸ்டில்தான் திறந்தார்கள். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விருது பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏறியவர்களுக்கு அது உண்மையிலேயே ஆனந்தமாக இருந்திருக்கிறது. அந்த ஆனந்தத்துக்குத்தான் வாக்கு விழுந்தது. தூணின் உறுதியை யாரும் வாக்குப் போட்டு முடிவு செய்யவில்லை, செய்யவும் முடியாது. அதற்கு இன்ஜினீயர் வேண்டும், சோதனை வேண்டும். விருது எதை அளந்ததோ அதற்கு மட்டுமே அது சாட்சி.

உயரம், வேகம் போன்றவை வேறு வகை. அபுதாபியில் 2010-ல் திறந்த ஃபார்முலா ரோசா மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் என்றால், சந்தேகப்படுகிறவர் கருவி வைத்து அளந்து பார்க்கலாம். "மிகச் சிறந்தது" என்பதை அளக்க எந்தக் கருவியும் கிடையாது.

அலமாரியில் இருக்கும் பதக்கங்கள்

இப்போது நம் கடைக்கு வருவோம். பிரஸ்ஸல்ஸ் நகரில் 1961-ல் தொடங்கிய 'மோண்டே செலக்‌ஷன்' என்ற அமைப்பின் பதக்கம் பல தின்பண்டங்களின் விளம்பரத்தில் வந்திருக்கிறது. நம் நாட்டு பார்லே பிஸ்கட்டுகளும் 1971 முதல் அதைப் பெற்று வந்திருக்கின்றன. பலர் இதை ஓட்டப் பந்தயம் போல நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உற்பத்தியாளர் கட்டணம் கட்டிச் சரக்கை அனுப்புவார். நிபுணர்கள் சுவைத்துப் பார்த்து மார்க் போடுவார்கள். குறிப்பிட்ட மார்க்குக்கு மேல் போனால் தங்கம், அதற்குக் கீழே வெள்ளி, வெண்கலம். எத்தனை சரக்குக்கு வேண்டுமானாலும் தங்கம் கிடைக்கலாம். பள்ளியில் 'முதல் வகுப்பு' வாங்குவது போன்றது இது; 'முதல் ரேங்க்' என்று படிக்கக் கூடாது. பார்லே பிஸ்கட் நம் கடையில் போவது பதக்கத்தாலா? சிறு பிள்ளையும் தேநீரில் நனைத்துத் தின்று பார்த்து மறுபடி கேட்பதால்.

நம் தோல் தொழிலையும் பாருங்கள். 2005-ல் ஏற்பட்ட லெதர் வொர்க்கிங் குரூப் என்ற சர்வதேச அமைப்பின் முறைப்படி, டேனரிகளுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுத்து வந்தார்கள். இதற்கு வாக்கெடுப்பு கிடையாது. வெளியாள் ஒருவர் நேரில் வந்து தண்ணீர்ச் செலவு, மின்சாரம், ரசாயனம், கழிவுநீர் எல்லாவற்றையும் கணக்கோடு பார்ப்பார். ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி இதை மதிப்பதற்குக் காரணம் அந்த நேரடிச் சோதனை. ஆனாலும் இது சுற்றுச்சூழல் தொடர்பான தரம். அந்தத் தோலில் தைத்த செருப்பு எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை அது சொல்லாது.

2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சென்சோடைன் பற்பசை விளம்பரங்களுக்கு எதிராக 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. "உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது", "உலகின் நம்பர் ஒன்" என்றெல்லாம் விளம்பரம் சொன்னது. ஆதாரம் கேட்டபோது வந்தது இந்தியப் பல் மருத்துவர்களிடம் மட்டும் எடுத்த ஆய்வு. இங்கே கேட்டுவிட்டு உலகம் சொன்னதாகச் சொல்லக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதைவிட வேடிக்கை 2017-ல் லண்டனில் நடந்தது. ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓட்டல் என்று 'டிரிப் அட்வைசர்' தளத்தில் பதிந்தார். நண்பர்களை விட்டுப் புகழ்ந்து எழுத வைத்தார். ஒரு தட்டு சாப்பாடு கூடப் பரிமாறாத அந்தக் 'கடை' லண்டன் ஓட்டல்களில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னார். இத்தகைய போலிப் பாராட்டுகளைத் தடுக்க நம் நாட்டிலும் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 19000 என்ற நியமத்தை வெளியிட்டது.

நான் கொடுத்த விலை

மற்றவர் கதை போதும். சொந்தக் கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. "மாவட்டத்தின் சிறந்த மளிகை மொத்த வணிகராக உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்றார்கள். உள்ளம் குளிர்ந்தது. நிர்வாகச் செலவுக்கு 25,000 ரூபாய் என்றார்கள். அப்போதும் புத்தி வரவில்லை. சென்னை ஓட்டலில் விழா; பொன்னாடை, ஷீல்டு, போட்டோ. மேடையில் எனக்கு முன்னால் நின்றவருக்கும் அதே மாவட்டம், அதே பட்டம்! இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கி வந்தோம். இருந்தும் அந்த ஷீல்டைக் கடையில் மாட்டினேன்.

அடுத்த வருடம் ஒரு புதிய மிளகாய்த்தூள் விற்பனையாளர் வந்தார். அட்டைப்பெட்டியில் தங்கப் பதக்கப் படம், "விருது பெற்றது" என்ற எழுத்து. வழக்கமாக நான் பொட்டலத்தைப் பிரித்து, மோந்து, வீட்டில் சமைக்கக் கொடுத்துப் பார்த்த பிறகே சரக்கு எடுப்பவன். அன்று பதக்கத்தைப் பார்த்து 40 பெட்டி இறக்கினேன். என்னை நம்பிப் பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் சில்லறைக் கடைக்காரர்கள் எடுத்துப் போனார்கள். நிறம் இருந்தது, காரம் இல்லை. சரக்கு திரும்பி வந்தது.

பண நஷ்டம் பெரிதில்லை. ஒரு சிறிய கடைக்காரர், என்னிடம் இருபது வருட வாடிக்கை, பொட்டலங்களைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருத்தர் மாசாமாசம் எங்கிட்ட வாங்கிட்டிருந்தார். இந்தத் தூளால அவர் வேற கடைக்குப் போயிட்டார். நீங்க பார்த்துத்தான் கொடுத்திருப்பீங்கன்னு நான் பிரிச்சுப் பார்க்கல." எனக்குப் பதில் வரவில்லை. அவர் நிமிர்ந்து சுவரிலிருந்த ஷீல்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அதைக் கழற்றிப் பரண் மேல் போட்டேன்.

25,000 கொடுத்து விருது வாங்கியவனே, இன்னொருவர் காட்டிய விருதை நம்பினேன். இதைவிட அறியாமை உண்டா?

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அதன் பிறகு, பரிசு, பதக்கம், தரவரிசை எதைப் பார்த்தாலும் இந்த ஐந்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. தீர்ப்புச் சொன்னது யார்? பெயர், முகவரி உள்ள அமைப்பா? அந்தச் சரக்கைப் பற்றித் தெரிந்தவர்களா?

2. எத்தனையோடு ஒப்பிட்டார்கள்? ஒப்பிட்டவர்கள் எல்லாவற்றையும் பார்த்தவர்களா, ஒன்றை மட்டும் பார்த்தவர்களா?

3. பணம் கொடுத்தது யார்? சோதனைக் கட்டணம் வாங்குவது குற்றமில்லை. பணம் கட்டியும் தோற்றவர் உண்டா என்று கேளுங்கள். தோற்பவரே இல்லாத போட்டியில் ஜெயிப்பதற்கு மதிப்பில்லை.

4. எதை அளந்தார்கள்? சுவையா, சுத்தமா, பாதுகாப்பா, விற்பனையா? ஒன்றுக்கு வாங்கிய பரிசை இன்னொன்றுக்குக் காட்டக் கூடாது.

5. எந்த ஆண்டு? பத்து வருடத்துக்கு முந்தைய பரிசு இன்றைய சரக்குக்குச் சாட்சி ஆகாது.

உரிமமும் முத்திரையும் விருதுகள் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உணவுப் பொட்டலத்தில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் சட்டப்படியான கடமை. அதை எண்ணைக் கொண்டு சரிபார்க்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் உரிம எண்ணையும் பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் போட்டுப் பார்க்கலாம். சரிபார்க்க முடிகிற சின்ன எண், சரிபார்க்க முடியாத பெரிய பதக்கத்தைவிட மேலானது.

புதிதாகக் கடை வைத்திருக்கும் இளைய உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. "உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று உங்களுக்கும் தொலைபேசி வரும். பணம் என்ற பேச்சு வந்ததும் வணக்கம் சொல்லி வைத்துவிடுங்கள். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல மின்னணுத் தராசு வாங்கலாம்; இருக்கிற தராசுக்குக் காலம் தவறாமல் அரசு முத்திரை போட்டு வைக்கலாம். வாடிக்கையாளர் வந்து நிற்பது அந்தத் தராசுக்கு முன்னால்தான்.

அந்தச் சில்லறைக் கடைக்காரர் இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் மிளகாய்த்தூள் மட்டும், என் கண் முன்னாலேயே பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பார். நானும் கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.