பெரிய டயர், மாறிய கியர், குறைந்த மைலேஜ்: ஜீப் ராங்லரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ராங்லர் வாங்குகிறவர்களில் பலர் முதலில் கை வைப்பது டயரில்தான். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாப் பாறைகளிலும் கலிஃபோர்னியாவின் ரூபிகான் தடத்திலும் ஏறி இறங்கும் ஜீப்புகளில் 35 இன்ச், 37 இன்ச் டயர்கள் சர்வசாதாரணம். அதில் நியாயமும் இருக்கிறது. சஸ்பென்ஷனை உயர்த்தினால் பாடி மட்டுமே மேலே போகும். ஆக்ஸிலும் அதன் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டும் இருந்த உயரத்திலேயே இருக்கும். அந்தக் குண்டு பாறையில் இடிக்காமல் இருக்க வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும்.

டயர் பெரிதானதும் மைலேஜ் விழும். கியர் விகிதத்தை மாற்றினால் அது திரும்பி வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். முழுவதும் வராது. ஆனால் பெரிய டயருக்குப் பழைய கியரையே வைத்து ஓட்டினால் மைலேஜும் கூடுதலாகப் போகும், கியர்பாக்ஸும் சூடேறித் தேயும். அதனால் டயரை வாங்கும் முன்பே கியரையும் சேர்த்துத் தீர்மானிப்பது நல்லது. அதற்கான கணக்கு பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தலைத் தாண்டாது.

படி 1: டயரின் உண்மையான உயரத்தைக் கண்டுபிடியுங்கள்

டயரின் பக்கச் சுவரில் 285/70 ஆர்17 என்று இருந்தால், அகலம் 285 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம் 17 இன்ச். 285-இல் 70 சதவீதம் 199.5. ரிம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 399. பதினேழு இன்ச் ரிம் 431.8 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 830.8 மி.மீ., அதாவது 32.7 இன்ச். கடையில் இதை 33 இன்ச் என்பார்கள்.

இன்றைய ராங்லரின் ரூபிகான் வகையுடன் கம்பெனியிலிருந்து வரும் அளவு இதுதான். 35 இன்ச் என்று விற்கப்படும் 315/70 ஆர்17 கணக்குப்படி 872.8 மி.மீ.; உண்மையில் 34.4 இன்ச்தான். ஸ்போர்ட் வகையின் 245/75 ஆர்17 ஏறக்குறைய 799 மி.மீ. கடைப் பெயரை நம்பாமல் மில்லிமீட்டரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லாக் கணக்குக்கும் அதுவே அடிப்படை.

படி 2: மீட்டரைத் திருத்தாமல் மைலேஜ் பேசாதீர்கள்

புதிதாக டயர் மாற்றியவர்கள் சொல்லும் மைலேஜ் எண்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறுகின்றன. ஓடோமீட்டர் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரச் சுற்றுகளை எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பெருக்குகிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கோ அது தெரியாது.

பழைய ஜேகே தலைமுறை ரூபிகானை எடுத்துக்கொள்வோம். அதன் டயர் 255/75 ஆர்17, விட்டம் 814.3 மி.மீ. அதில் 315/70 ஆர்17 போட்டால் 872.8-ஐ 814.3-ஆல் வகுக்க 1.072. மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி 107 கி.மீ. ஓடியிருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. முன்பு 60 லிட்டரில் 500 கி.மீ. ஓடியது, லிட்டருக்கு 8.3. புது டயருக்குப் பின் அதே 60 லிட்டரில் மீட்டர் 430 கி.மீ. காட்டுகிறது, லிட்டருக்கு 7.2. பதினான்கு சதவீதம் போய்விட்டதே என்று மனம் பதறும். 430-ஐ 1.072-ஆல் பெருக்குங்கள்: 461 கி.மீ. உண்மையான மைலேஜ் 7.7. இழப்பு எட்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதி வெறும் மீட்டர் பிழை.

இதே பிழை வேகத்திலும் வரும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக் தூரமும் வேகக் கட்டுப்பாட்டு அபராதமும் அந்த 107-க்குத்தான்.

படி 3: எரிபொருள் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள்

மீட்டர் பிழை போக மிச்சமிருக்கும் இழப்புக்கு மூன்று காரணங்கள். முதலாவது எடை. பெரிய டயர் ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதல் கனம், அதுவும் சக்கரத்தின் வெளி விளிம்பில். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது கயிறு நீள நீளக் கை கடுக்கிறதல்லவா, எஞ்சினுக்கும் அப்படித்தான். வெளி விளிம்பில் கூடும் ஒரு கிலோவை, வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவாக எஞ்சின் உணரும். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் இது கடுமையாகத் தெரியும். சீரான நெடுஞ்சாலையில் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாவது, உருளும்போது டயர் நசுங்கி நிமிர்வதில் வெப்பமாகக் கரையும் சக்தி. மட் டெரெய்ன் டயரின் பெரிய ரப்பர்க் கட்டிகள் இதில் அதிகம் தின்னும். ஆல் டெரெய்ன் கொஞ்சம் இரக்கம் காட்டும். சேற்றில் வாரந்தோறும் இறங்குகிறவர் தவிர மற்றவர்களுக்கு ஆல் டெரெய்ன் போதும் என்பதே என் கருத்து. டயரின் அளவைவிட அதன் வகை மைலேஜைக் கூடுதலாகக் கெடுத்துவிடக்கூடும்.

மூன்றாவது காற்று. ராங்லர் இயல்பாகவே பெட்டி வடிவம். அதை உயர்த்தி, அகலமான டயரை வெளியே நீட்டிவிட்டால் காற்று மோதும் பரப்பு கூடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளர்வதால், 80-இல் பொருட்படுத்தாமல் விடக்கூடியது 110-இல் பெட்ரோல் முள்ளைக் கண்முன்னே இறக்கும். இதற்குக் கியரில் மருந்து கிடையாது.

படி 4: கியர் விகிதம் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஆக்ஸிலுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் கோத்திருக்கும். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.10. பினியன் 11 பல்லானால் 3.73, 9 பல்லானால் 4.56. எண் கூடக் கூட, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் கூடுதல் சுற்று சுற்ற வேண்டும், இழுவை கூடும்.

டயர் பெரிதாவது என்பது, ஆக்ஸிலைத் தொடாமலேயே இந்த எண்ணைக் குறைப்பதற்குச் சமம். பழைய விட்டத்தைப் புதிய விட்டத்தால் வகுத்து, விகிதத்தோடு பெருக்கினால் வண்டி இப்போது உணரும் விகிதம் கிடைக்கும். 4.10 விகித ரூபிகானில் 33-ஐக் கழற்றி 35 போட்டால் அது 3.90 ஆகிவிடும். 3.45 விகிதத்துடன் வந்த ஸ்போர்ட்டில் அதே 35-ஐப் போட்டால் 3.16. முதல் வண்டி சமாளிக்கும். கியர் வேலையைத் தள்ளிப்போடலாம். இரண்டாவது வண்டி ஒவ்வொரு மேம்பாலத்திலும் மூச்சுவாங்கும். அதற்குத் தள்ளிப்போடுவது வீண்.

‘எஞ்சின் சுற்று குறைந்தால் எரிபொருளும் மிச்சம்தானே?’ இந்தக் கேள்வி வரும். அதில் பாதி உண்மை உண்டு. சமதளத்தில், சீரான வேகத்தில், சுமை குறைவாக இருக்கும்போது குறைந்த சுற்று லாபம்தான். ஆனால் ராங்லரின் 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தன் முழு முறுக்குவிசையான 353 நியூட்டன் மீட்டரைத் தருவது 4,800 ஆர்பிஎம்மில். எட்டாவது கியரில் 1,700-ஐ ஒட்டிச் சுழலும்போது அதனிடம் மிச்சபலம் குறைவு. சின்ன ஏற்றம், எதிர்காற்று வந்தாலே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஏழுக்கு, ஆறுக்கு இறங்கும்; டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு விடும்; எண்ணெய் சூடேறும். பிறகு மறுபடி எட்டுக்குத் தாவும். இந்தத் தாவல்தான் எரிபொருளைத் தின்னும். வண்டி எட்டாவது கியரைப் பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள். கியர் மாற்ற வேண்டுமா என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

டீசலின் கதை வேறு. அமெரிக்காவில் விற்ற 3 லிட்டர் டீசல் ராங்லர் 1,400 ஆர்பிஎம்மிலேயே 600 நியூட்டன் மீட்டரை எட்டிவிடும். அதன் ரூபிகானுக்குக்கூட கம்பெனி கொடுத்தது 3.73 விகிதம்தான்.

படி 5: உங்கள் விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெறும் விட்டக் கணக்குப்படி, 33-லிருந்து 35-க்குப் போகும் ரூபிகானுக்குத் தேவை 4.31. ஆனால் 2021-இல் ஜீப் நிறுவனமே எக்ஸ்ட்ரீம் ரீகான் என்ற பெயரில் 315/70 ஆர்17 டயரோடு ரூபிகானைக் கொண்டுவந்தபோது அதில் வைத்தது 4.56. விட்டத்தை ஈடுகட்டினால் மட்டும் போதாது, கூடிய எடைக்கும் காற்றுக்கும் சேர்த்து இழுவை வேண்டும் என்பதே இதில் தெரிகிறது. தொடங்குகிறவர் பின்பற்றத் தகுந்த முன்மாதிரி இது.

எட்டாவது கியரின் விகிதம் 0.67. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பழைய 33 இன்ச் டயர், 4.10 விகிதம் என்றால் எஞ்சின் சுமார் 1,750 ஆர்பிஎம். டயர் மட்டும் 35 ஆனால் 1,670. விகிதமும் 4.56 ஆனால் 1,860. பழையதைவிட நூறு சுற்றுதான் கூடுதல். கியரை மாற்றினால் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடுமோ என்ற பயம் இதில் தீர வேண்டும்.

37 இன்ச் போடுகிறவர்கள் 4.88, சிலர் 5.13 வரை போகிறார்கள். பினியனில் பல் குறையக் குறைய அது சிறுத்து, வலுவும் குறையும் என்பதை மறக்க வேண்டாம். ஜேகேயின் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தவறான விகிதத்தை எட்டு கியர் மன்னிக்கும், ஐந்து கியர் மன்னிக்காது.

தடத்தில் கிடைக்கும் பலனையும் கணக்கில் சேர்க்கலாம். ரூபிகானின் முதல் கியர் 4.71, லோ ரேஞ்ச் 4, ஆக்ஸில் 4.10, பெருக்கினால் 77. ஆக்ஸிலை 4.56 ஆக்கினால் 86. பாறைமேல் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஊர்ந்து ஏறும் நிதானம் அதில்தான் கிடைக்கிறது. கியர் மாற்றும் செலவை எரிபொருள் மிச்சத்தில் மட்டும் திரும்ப எடுத்துவிடலாம் என்று எண்ணி இதில் இறங்காதீர்கள். இழுவைக்கும் கியர்பாக்ஸின் ஆயுளுக்கும் கொடுக்கும் விலை அது.

படி 6: இந்தியாவில் என்றால் முதலில் சட்டம்

இங்கே ராங்லர் 2021 முதல் புனே அருகே ராஞ்சன்காவில் ஒருங்கிணைக்கப்படுகிறது, 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினோடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகச் சொன்னது. டயருக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். கிரவுன்-பினியன் பொருத்துவது நுணுக்கமான வேலை. பற்களில் சாயம் தடவிப் பதிவு எங்கே விழுகிறது என்று பார்த்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பதிவைப் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்குகிற இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். முதல் 800 கி.மீ. சுமை இழுக்காமல், அதிவேகம் போகாமல் ஓட்டி, பிறகு டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

புதிய டயர் அளவையும் ஆக்ஸில் விகிதத்தையும் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அப்போதுதான் ஸ்பீடோமீட்டர் நேராகும், கியர் எப்போது மாற வேண்டும் என்பதும் அதற்குச் சரியாகத் தெரியும்.

படி 8: காற்றைச் சரிபார்த்து, டேங்க்கிலிருந்து டேங்க்குக்கு அளந்து பாருங்கள்

தடத்தில் இறங்குமுன் காற்றை 15, 20 பிஎஸ்ஐக்கு இறக்குகிறவர்கள் தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். கையடக்க கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். காற்று குறைந்த 35 இன்ச் டயரோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் மைலேஜோடு டயரும் போகும்.

மைலேஜைத் தட ஓட்டத்தில் அளக்காதீர்கள். நாள் முழுக்க லோ ரேஞ்சில் ஊர்ந்தால் தூரம் சில கிலோமீட்டர்தான் இருக்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கே அங்கே பொருளில்லை. வழக்கமான சாலையில், ஒரே பங்க்கில் டேங்க் நிறைத்து, ஓடிய தூரத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்து, மறுபடி நிறைத்து அளந்து பாருங்கள். டயர் மாற்றும் முன்னும், டயருக்குப் பின்னும், கியருக்குப் பின்னும் தலா நான்கைந்து டேங்க் குறித்தால் எது எதனால் வந்தது என்று பிரிந்து தெரியும். கியருக்குப் பின்னும் எண் சரிந்துகொண்டே போனால் வீல் அலைன்மென்ட்டையும், பிரேக் பேட் உரசுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டி நிறுத்தியதும் டிஃபரன்ஷியல் உறை கைவைக்க முடியாத அளவு கொதித்தால், பொருத்திய இடத்துக்கே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.