தரைத்தோற்றமும் போக்குவரத்தும்: லாகூல் பள்ளத்தாக்கு

மாணவர்களே, “போக்குவரத்தில் தரைத்தோற்றமும் காலநிலையும் செலுத்தும் செல்வாக்கை உதாரணத்துடன் விளக்குக” என்று கேட்டால் பலர் “மலையில் வீதி அமைப்பது கடினம்” என்று ஒரு வரியுடன் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் புள்ளி சொற்பமே. இடமொன்றைப் பெயருடன் எழுதிக் காரணத்தையும் காட்டுங்கள். இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்திலுள்ள லாகூல் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல உதாரணம்.

தெற்கே மணாலி நகரம். அங்கிருந்து லாகூலுக்குச் செல்வோர் முன்னர் பீர் பஞ்சால் மலைத்தொடரை 3,978 மீற்றர் உயரமான ரோதாங் கணவாய் வழியாகக் கடந்தனர். தென்மேல் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியை மலையின் தென்பக்கமே வாங்கிக்கொள்ளும். ஆகவே மணாலிப் பக்கம் தேவதாருக் காடு. மழை ஒதுக்கிலுள்ள லாகூலில் பெரும்பாலும் வெறும் பாறைச் சரிவு. வறண்ட இடத்தில் பனி ஏது என்று கேட்பீர்கள். மாரிகாலத்தில் மத்தியதரைக் கடற் பக்கமிருந்து வரும் தாழமுக்கங்கள் அதைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. இதனால் ஏறத்தாழ ஆறு மாதம் கணவாய் மூடிக்கிடக்கும். அந்நாட்களில் கடும் நோயாளியை வெளியே கொண்டுசெல்ல உலங்குவானூர்தியையே நம்பியிருந்தனர். அதுவும் வானம் தெளிந்தால்தான். 2006இல் ஏ9 வீதி மூடப்பட்ட காலத்தைப் பற்றி வீட்டில் கேட்டுப்பாருங்கள். காரணம் வேறு, ஆனால் ஒரே வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பது நன்றாக விளங்கும்.

2020 ஒக்ரோபர் 3இல் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 9.02 கிலோமீற்றர் நீளமான இது, ஏறத்தாழ 3,100 மீற்றர் உயரத்தில் மலையைக் குடைந்து செல்கிறது. பயணத்தூரம் 46 கிலோமீற்றரால் குறைந்தது. (பனி மிகுந்த நீகாத்தாவுக்குச் செல்ல ஜப்பானியர் 9.7 கிலோமீற்றர் நீளமான ஷிமிசு புகையிரதச் சுரங்கத்தை 1931இலேயே திறந்துவிட்டார்கள்.) லாகூலில் கோடையில் ஒரு போகமே செய்யலாம். உருளைக்கிழங்கும் பட்டாணியும் முக்கிய பயிர்கள். முன்னர் பனி விழுமுன் விளைச்சலை மலை கடத்திவிட வேண்டும். இப்போது அந்த நெருக்கடி குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். சுரங்கம் திறந்ததால் லடாக்கின் லே நகர்வரை இவ்வீதி ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது என எழுதினால் பிழை. லாகூலுக்கு அப்பால் ஏறத்தாழ 4,890 மீற்றர் உயரமான பாரலாச்சா கணவாய் மாரியில் இன்றும் மூடப்படுகிறது. கடும் பனி பெய்தால் சுரங்கத்துக்குச் செல்லும் வீதியும் சில நாள் தடைப்படும்.

பயிற்சி: மணாலி, ரோதாங், லாகூல் ஆகியவற்றைக் குறித்துக் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, மழை விழும் பக்கத்தையும் சுரங்கத்தையும் காட்டுக.